மிச்ச ஒன்பது வசனங்கள்

“மிஸ்ஸி, இண்டைக்கு நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். பக்கத்தில இருங்க, அது போதும்.”

டொக்டர் குமுது இதைச் சொன்னபோது எங்கள் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வெளியே வாங்குப் பலகையில் சனம் நிறைந்துவிட்டது. நல்லெண்ணெயும் திருநீறும் வெற்றிலையும் கலந்த அந்த வாசம் கதவுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. நான் பிரசர் பார்க்கும் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஏழு வருடமாக நேர்ஸ். அந்த ஏழு வருடத்தில் நான்கு டொக்டர்மார் வந்து போனார்கள். நான்கு பேருக்கும் தமிழ் தெரியாது. அத்தனை பேருக்கும் வாயும் காதும் நான்தான். ஒன்பது மாதத்துக்கு முன் வந்த ஒருத்தி, அதுவும் என் வயதுக்காரி, என்னைப் பார்த்து வாயை மூடு என்கிறாள்.

இந்தத் தொடரில் நான் என்னைப் பற்றி நல்லது நல்லதாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று என் மகள் பகிடி பண்ணுகிறாள். இந்த வாரம் அவளுக்கு அந்தக் குறை இருக்காது.

பாதையில் ஒரு பள்ளிக்கூடம்

குமுது குருநாகல் பக்கத்து ஆள். நாற்பத்தாறு வயது. இடமாற்றத்தில் அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவ ஒரு ஸ்கூட்டியும் ஒரு பிள்ளைகளின் கொப்பியும் கொண்டு வந்தா.

எங்கள் இரண்டு பேருக்கும் வீடு வாவிக்கு மற்றக் கரையில். வேலைக்குப் போக ஒவ்வொரு நாளும் ‘பாதை’யில் ஏறவேண்டும். பாதை என்றால் எங்கள் ஊரில் தெரு அல்ல; ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற பெரிய மிதவை. கடந்து முடியக் கால்மணி நேரம் போகும். நான் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லுவேன், அல்லது சும்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

குமுது மீன் பெட்டியோடு நிற்கும் பெண்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வா. தன் வயிற்றைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்பா. அவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். வயிறு, அடிவயிறு, நாரி, குதிக்கால், கெண்டைக்கால். அதோடு விடுவார்களா எங்கள் பெண்கள்? வயிறு நோகுது, வயிறு எரியுது, வயிறு பொருமுது, வயித்துக்க குத்துது என்று ஒவ்வொன்றையும் நடித்தே காட்டுவார்கள். இவ அத்தனையையும் சிங்கள எழுத்தில் கொப்பியில் எழுதுவா. காற்று அடித்தால் மணலை மீன் நாற்றத்தோடு வாவித் தண்ணீரும் கொப்பியில் தெறிக்கும்.

“என்னத்துக்கு டொக்டர் இவ்வளவு கஷ்டம்? நான் இருக்கிறன்தானே” என்று ஒருநாள் சிங்களத்தில் கேட்டேன்.

“நீங்க லீவு போட்டா?” என்று தமிழில் திருப்பிக் கேட்டா.

“நான் லீவு போடுறதில்ல.”

“ஓம். அது எனக்குப் பயமா இருக்கு” என்றா. அப்போது அது எனக்கு விளங்கவில்லை. தமிழ் சரியாக வராமல் ஏதோ சொல்கிறா என்று விட்டுவிட்டேன்.

ஓம் போடும் சனம்

மூன்று மாதத்தில் குமுதுவின் கொப்பியில் நாற்பது கேள்வி சேர்ந்துவிட்டது. காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, குளிசை போட்டீங்களா, சாப்பிட்ட பிறகு போட்டீங்களா. அழகாகத்தான் கேட்டா. வந்த சனமும் அழகாகப் பதில் சொன்னது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். ஓம்.

எங்கள் சனத்தின் குணம் அது. டொக்டர் ஒரு பெரிய மனிசி. அவ சிரமப்பட்டு எங்கள் பாஷையில் கேட்கிறா. அதற்குப் போய் இல்லை என்று சொல்லி முகத்தை முறிக்கலாமா? காய்ச்சல் இருக்கா, ஓம். காய்ச்சல் இல்லையா, ஓம். குமுது ஒருநாள் ஒரு கிழவரிடம் வேண்டுமென்றே, “ஐயா, உங்களுக்குப் பிள்ளை வயித்தில இருக்கா?” என்று கேட்டுப் பார்த்தா. மனிசன் பணிவாகத் தலையை ஆட்டி ஓம் என்றார். வாங்கில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மருந்து கொடுக்கிறவர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவ சிரிக்கவில்லை. கொப்பியை மூடி மேசையில் வைத்தா.

எனக்கு அந்த ஓம் நன்றாகத் தெரிந்த ஓம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் நான் தாதிப் பயிற்சிக்குப் போனது ஒரு சிங்கள ஊருக்கு. ‘பாத்’ என்றால் சோறு, ‘வதுர’ என்றால் தண்ணீர், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வார்ட்டில் யார் என்ன சொன்னாலும் “ஹரி, ஹரி” என்பேன். சரி, சரி என்று அர்த்தம். சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் ஓடுவேன். ஒருநாள் சுடுதண்ணீர் கேட்டிருக்கிறார்கள். நான் ஹரி என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். அன்று குளியலறைக்குள் நின்று அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். வெட்கத்துக்கு ஹரி, மரியாதைக்கு ஓம்.

அப்படியொரு நாளைக் கண்ட நானே குமுது பட்ட பாட்டைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன். ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. மிஸ்ஸியிடம் சொன்னால் டொக்டரிடம் சொன்ன மாதிரி என்பார்கள். போகும்போது ஒரு தயிர்ச் சட்டியோ நாலு முருங்கைக்காயோ கொடுத்துவிட்டுப் போவார்கள். டொக்டர் நேரே கதைக்கத் தொடங்கினால் நான் யார்?

காட்டுங்க

குமுது தோற்றுப்போகிற ஆள் இல்லை. அடுத்த கிழமை புதுக் கொப்பி ஒன்று வந்தது. அதில் ஓம் என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்விகூட இல்லை.

எங்க நோகுது, தொட்டுக் காட்டுங்க. காலையில எந்தக் குளிசை, கையில எடுங்க. நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்ட, எவ்வளவு சோறு, இந்தக் கோப்பையில காட்டுங்க. வீட்டில் இருக்கும் மருந்து முழுவதையும் பையோடு கொண்டுவரச் சொன்னா. மேசையில் கொட்டச் சொன்னா.

கொட்டினால் தெரிந்தது வண்டவாளம். தங்கம்மா என்றொரு பெண், வருடக்கணக்காகப் பிரசர் குளிசை எடுக்கிறவள், தனக்குத் தரும் குளிசையில் பாதியைப் புருசனுக்குக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். “அந்தாளுக்கும் தலை சுத்துதாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டுதாம். என்ன செய்யிற டொக்டர், தனியச் சாப்பிட மனம் வருதில்ல” என்றாள். ஏழு வருடமாக நான் அவளிடம் குளிசை போடுகிறாயா என்று கேட்டு, ஓம் என்று டொக்டர்மாரிடம் சொல்லி வந்தவள்.

ஆனால் இப்படிக் கேட்பதில் ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது. ஓம் என்ற பதில் சின்னது. மற்றப் பதிலெல்லாம் நீளம். எங்கள் சனம் ஒரு தலையிடியைச் சொல்லத் தொடங்கினால் அது வயல் வட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் தொடங்கி, மருமகனோடு நடந்த சண்டையில் போய் முடியும். கேள்வியை மனப்பாடம் பண்ணலாம், பதிலை மனப்பாடம் பண்ண முடியாது. குமுது அதற்கும் வழி கண்டா. விளங்காத இடத்தில் கையைப் பிடித்து நிறுத்துவா. “எனக்கு விளங்கல்ல. மறுகா ஒருக்காச் சொல்லுங்க.” ஒரு டொக்டர் தனக்கு விளங்கவில்லை என்று சொன்னதை எங்கள் சனம் அதற்கு முன் கேட்டதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் எனக்கு வராத தைரியம் அது. அதைப் பார்த்தபோது என் பொறாமை பாதி கரைந்துவிட்டது.

அப்படியும் பிடிபடாத நீளப் பதில்களுக்கு என் பக்கம் திரும்புவா. பிறகு பாதையில் வரும்போதுதான் ஒருநாள் கேட்டா. “மிஸ்ஸி, அவங்க பத்து வசனம் சொல்றாங்க. நீங்க எனக்கு ஒரு வசனம் தாறீங்க. மிச்சம் ஒன்பது எங்க போகுது?”

“அதெல்லாம் வீட்டுக் கதை டொக்டர். உங்களுக்குத் தேவையில்லாதது.”

“தேவையா இல்லையா எண்டு நான் பார்க்கணும்” என்றா. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் என் வாயைக் கட்டியது.

நல்லதம்பி மாமா

அன்று பதினோராவது ஆளாக வந்தவர் நல்லதம்பி மாமா. என் தாய்வழியில் ஒரு முறைக்கு மாமா. எங்கள் ஊருக்கு வட்டைவிதானை. வயல் கண்டம் முழுவதற்கும் எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, யாருடைய வரம்பு யாருடைய வயலுக்குள் போயிருக்கிறது என்றெல்லாம் தீர்த்துவைக்கிற ஆள். ஒருநாளைக்கு ஆறு ஏழு மைல் வரம்பில் நடப்பார். நடக்காத விதானையைச் சனம் அடுத்த போகத்துக்கு வைத்திருக்காது. அவருக்கு அந்த நடைதான் வாழ்க்கை.

சீனி வருத்தம் வந்து பத்து வருடம். முன்பு ஒரு டொக்டர் சனத்துக்கு முன்னால் அவரை ஏசிவிட்டார். அதோடு மாமா ஒரு வருடம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. நான்தான் வீட்டுக்குப் போய் மன்றாடிக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து அவருக்காக நான் மொழிபெயர்க்கும்போது ஒரு கவனம் வைத்துக்கொண்டேன். ஏச்சு விழக்கூடிய இடங்களை விட்டுவிடுவேன். ஒவ்வொரு வைகாசியிலும் கண்ணகை அம்மன் சடங்குக்குக் காப்புக் கட்டினால் அவர் இங்கிலீஸ் மருந்தைத் தொடமாட்டார். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். டொக்டருக்கு மட்டும், “பெஹெத் ஹரியட்ட பொனவா” என்பேன். மருந்து ஒழுங்காகக் குடிக்கிறார்.

மாமா கதிரையில் இருந்து வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“ஐயா, சடங்குக்கு எத்தினை நாள் குளிசை போடல்ல?” என்றா குமுது.

போட்டீங்களா என்று கேட்கவில்லை. போடாதது தனக்குத் தெரிந்த விசயம், அதில் ஏசுவதற்கு ஒன்றுமில்லை, நாள் கணக்கு மட்டும் சொல்லுங்கள் என்கிற மாதிரிக் கேட்டா. மாமா கொஞ்சம் தடுமாறினார். பிறகு, “எட்டு நாள் டொக்டர்” என்றார். அந்த அறையில் அவர் வாயிலிருந்து டொக்டரின் காதுக்கு நேரே போன முதல் உண்மை அதுவாக இருக்கவேண்டும்.

“நல்லம். செருப்பக் கழட்டுங்க. கால காட்டுங்க.”

“காலுக்கு ஒண்டுமில்ல.”

“சொல்ல வேணாம் ஐயா. காட்டுங்க.”

அவர் அசையவில்லை. விதானை ஒருவர் ஒரு பெண்ணுக்கு முன்னால் காலை நீட்டுவதா? குமுது கதிரையை விட்டு எழுந்து, அந்தச் சீமெந்துத் தரையில் சப்பாணி கொட்டி இருந்து, தானே அவருடைய வலது காலை எடுத்து மடியில் வைத்தா. செருப்பைக் கழற்றியதும் மணம் வந்தது. நேர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மணத்தை விளக்கவேண்டியதில்லை. சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. பாதத்துக்கு அடியில் ஐந்து சதக் காசு அளவில் ஒரு குழி. மாமாவுக்கு அதில் நோவே இல்லை. சீனி வருத்தம் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது.

“இது எப்ப வந்த?”

“முள்ளொண்டு குத்தின. கதவு திறந்த மறுநாள். கட்டாடியார் மஞ்சள் அரைச்சு வெச்சு விட்டவர்.”

கதவு திறக்கிறது என்றால் சடங்கின் முதல் நாள், அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறை திறக்கும் நாள். கட்டாடியார் அந்தக் கோயில் பூசகர். எந்தச் சிங்கள டொக்டருக்கும் அந்த வசனம் காற்றில் போயிருக்கும். குமுது பாதையில் மீன்காரப் பெண்களிடம் அதையும் கேட்டு எழுதி வைத்திருந்தா. விரலை மடக்கி எண்ணினா. “கதவு திறந்து ஏழாம் நாள் குளிர்த்தி, சடங்கு முடியிற நாள். குளிர்த்தி முடிஞ்சு மற்றக் கிழமை கிளினிக். அப்ப போன கிளினிக்கில இது இருந்த.”

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தா.

போன கிளினிக்கில் குமுது என்னிடம், காலில் காயம் ஏதும் உண்டா என்று கேளுங்கள் என்று சொன்னது உண்மை. நான் கேட்டதும் உண்மை. மாமா முள்ளையும் மஞ்சளையும் கட்டாடியாரையும் பற்றிப் பத்து வசனம் சொன்னதும் உண்மை. வெளியே அறுபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் என்றால் டொக்டர் ஏசுவா, மாமா கோபித்துக்கொண்டு போய்விடுவார், முள்ளுத்தானே. நான் குமுதுவிடம் சொன்னது இரண்டே சொல். “முகுத் நே.” ஒன்றுமில்லை.

பெரியாஸ்பத்திரி

குமுது ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. அம்புலன்சுக்குச் சொன்னா. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினா. மாமாவின் தோளில் கையை வைத்து, தன்னுடைய உடைந்த தமிழில் சுத்திவளைக்காமல் சொன்னா. “ஐயா, இண்டைக்குப் போனா விரல் போகும். அடுத்த கிழமை போனா கால் போகும். எது வேணும்?”

மாமா அவவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இண்டைக்குப் போறன்” என்றார்.

பின்னேரம் சனம் எல்லாம் போன பிறகு நான் குமுதுவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். சிங்களத்தில் தொடங்கினேன், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். போன மாதம் என்ன நடந்தது, ஏழு வருடமாக என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வசனத்தையும் சுருக்கவில்லை. அவ பேனையை மூடிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டா. இரண்டு இடத்தில் விளங்கவில்லை என்று கையைக் காட்டினா. திருப்பிச் சொன்னேன்.

ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

“அண்டைக்கு நானும் செருப்பக் கழட்டச் சொல்லல்ல” என்றா. “நானும் கால பாக்கல்ல. உங்கட வாய நம்பி என்ட கண்ண மூடிட்டன். அது என்ட பிழை.” பிறகு, “ஐயாட்ட சொன்னீங்களா?” என்று கேட்டா.

“இல்ல.”

“எனக்குச் சொல்லி என்ன? அவர்ட கால்தானே. அவருக்குச் சொல்லுங்க.”

எத்தனையோ டொக்டர்மாரோடு வேலை செய்திருக்கிறேன். கைராசிக்காரர், கெட்டிக்காரர், பட்டம் பல பெற்றவர். ஆனால் நான் கும்பிட நினைத்த ஒருத்தி குமுதுதான். தமிழ் படித்ததற்காக அல்ல. தமிழ் படித்துக்கொண்டு வந்து, அதில் முதலில் தன்னுடைய பிழையைச் சொன்னதற்காக.

இரண்டு விரலை எடுத்தார்கள். கால் நின்றது. நான் மாமாவைப் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்து பக்கத்துக் கட்டில்காரருக்கு வாய்க்கால் விவகாரம் ஒன்றைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த போகத்துக்கு நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். முகத்தில் அவ்வளவு சந்தோசம். கொண்டுபோன கஞ்சிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். மாமா, நீங்க முள்ளுக் குத்தினத சொன்னீங்க, நான் டொக்டரிட்டச் சொல்லல்ல. ஒண்டுமில்லையெண்டு சொல்லிப்போட்டன்.

“எனக்குத் தெரியும் புள்ள” என்றார்.

“எப்பிடி மாமா?” என்று கேட்டேன்.

“எனக்குச் சிங்களம் விளங்கும். வாலிபத்தில மகாஓயாப் பக்கம் சிங்களவங்களோட மரம் ஏத்தப் போனவன்தானே நான். நீ எனக்காகக் கதைக்கக்குள்ள நான் குறுக்க கதைச்சா உனக்கு மரியாதை இல்லையெண்டு சும்மா இருக்கிற.” குரலில் ஒரு துளி கோபம் இல்லை. கட்டுப் போட்டிருந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி, கட்டில் ஓரத்தில் எனக்கு இருக்க இடம் விட்டார். “நீ அண்டைக்கு டொக்டரிட்ட முகுத் நே எண்டு சொன்னத கேட்டுட்டுத்தான் எனக்கு மனம் ஆறின. அதுவரைக்கும் பயந்துகொண்டுதான் இருந்தன். வீட்ட போய் மாமிட்டயும் சொன்னன், நம்மட புள்ள படிச்ச புள்ள, ஒண்டுமில்லையெண்டு சொல்லிட்டுது, இனிப் பயமில்லையெண்டு.”